சட்டையின் நிறமா, காலணியின் அடியா?



சென்ற கோடை விடுமுறையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். வீட்டுச் சுவரில் பந்தை அடித்து அடித்தே டென்னிஸ் பழகியவள். விடுமுறையில் ஒரு பயிற்சி மைதானத்தில் சேரப் போனாள். வெளிர் நீலச் சட்டை, கறுப்பு நிறத் தளர்வான முழுக்கால் சட்டை, கால்களில் உறவினர் கொடுத்த பழைய டென்னிஸ் ஷூ. பயிற்சியாளர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இங்கே வெள்ளை உடைதான் அம்மா. வாங்கிக்கொண்டு வா" என்று அனுப்பிவிட்டார். அவள் தந்தை அச்சகத்தில் வேலை செய்பவர். மட்டை வாங்கவே கடன் வாங்கியிருந்தார். வெள்ளைச் சட்டைக்கும் வெள்ளைப் பாவாடைக்கும் மீண்டும் அவரிடம் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் திரும்பப் போகவே இல்லை.

அதே மாதத்தில் அதே மைதானத்தில் ஒரு பையனுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. தலை முதல் கால் வரை வெள்ளைவெளேரென்று உடுத்தி வந்தவன் அவன். ஆனால் அவன் போட்டிருந்தது நீண்ட ஓட்டத்துக்கான, குதிப்பகுதி தடித்த, மெத்தென்ற ஷூ. பக்கவாட்டில் வந்த பந்தைத் துரத்திப் போய்ச் சட்டென்று நின்றான். ஷூ நின்றது, கால் நிற்கவில்லை. மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தான்.

பயிற்சியாளரை நான் குறை கூறவில்லை. அவர் கற்ற வழக்கத்தைத்தான் அவர் பின்பற்றினார். ஆனால் அந்த மைதானத்தின் வாயிலில் சட்டையின் நிறத்தைப் பார்த்தார்கள். காலணியின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஓர் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இது எனக்குத் தலைகீழாகத் தோன்றுகிறது. ஏன் என்பதை உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதல் விதி காலணிக்கே!

விம்பிள்டன் போட்டி முதன்முதலாக 1877ஆம் ஆண்டில் நடைபெற்றது. அதற்கான அறிவிப்பில் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு கட்டளைகள் இருந்தன. மட்டையை அவரவரே கொண்டுவர வேண்டும். குதி இல்லாத காலணி அணிய வேண்டும். இரண்டாவது கட்டளைக்குக் காரணம் என்ன? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது என்று படித்திருக்கிறீர்கள். காலணியின் அடிப்பரப்பு 150 சதுர சென்டிமீட்டர், அதன் குதி மட்டும் 20 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உடலின் எடை முழுவதும் குதியில் இறங்கினால் அழுத்தம் ஏழு மடங்குக்கு மேல் கூடும். அது புல்தரையைக் குத்திக் குழியாக்கிவிடும். ஆகவே அந்த விதி தரையையும் காலணியையும் சேர்த்துச் சிந்தித்துப் போட்ட விதி. காரணம் உள்ள விதி.

வெள்ளை வந்த வழி வேறு. அக்கால இங்கிலாந்தில் டென்னிஸ் வசதி படைத்தோரின் கோடைகாலப் பொழுதுபோக்கு. வெள்ளையில் வியர்வைக் கறை எளிதில் தெரியாது. பலர் முன்னிலையில் வியர்த்த சட்டையோடு நிற்பது மரியாதைக் குறைவு என்று அவர்கள் எண்ணினார்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். வழக்கமாக இருந்தது பிறகு விதியாக இறுகியது. விம்பிள்டனில் 1963இல் 'பெரும்பாலும் வெள்ளை' என்றார்கள். 1995இல் 'ஏறத்தாழ முழுவதும் வெள்ளை' என்றார்கள். 2014இல், பழுப்பு வெள்ளையும் பாலாடை நிறமும் வெள்ளை ஆகா, வேறு நிறக் கரை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அளவுகோலையே எடுத்துவிட்டார்கள்.

2013இல் ரோஜர் பெடரர் முதல் சுற்றில் ஆரஞ்சு நிற அடிப்பாகம் கொண்ட காலணியோடு ஆடினார். அதை மறுபடி போட வேண்டாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. 1877இல் காலணியின் அடியைப் பார்த்தவர்கள் தரைக்காகப் பார்த்தார்கள். 2013இல் பார்த்தவர்கள் நிறத்துக்காகப் பார்த்தார்கள். காரணம் மறைந்து வழக்கம் மட்டும் நிற்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

உடலுக்கு உடை செய்ய வேண்டிய வேலை

நிறத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஆடும் உடலுக்கு உடையிடம் என்ன தேவை என்று கேட்போம்.

நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைத்தான் இயக்கமாக மாற்றுகின்றன. மீதி வெப்பமாகிறது. விறுவிறுப்பாக ஆடும் ஒருவர் உடலில் நொடிக்கு 500 ஜூல் வெப்பம் உண்டாகிறது என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 18 லட்சம் ஜூல். இந்த வெப்பத்தை வெளியேற்ற உடல் கண்டுபிடித்த வழி வியர்வை. தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 ஜூல் உள்ளுறை வெப்பம் தேவை. அதை அது தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 18 லட்சத்தை 2,400ஆல் வகுத்துப் பாருங்கள்; 750 வரும். அதாவது மணிக்கு முக்கால் லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும்.

'ஆவியாக வேண்டும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடலுக்குக் குளிர்ச்சி இல்லை. நீரும் உப்பும் வீணானதுதான் மிச்சம். கடற்கரை ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுதி. அங்கே வியர்வை எளிதில் ஆவியாகாது. ஆகவே உடையின் முதல் வேலை, தோலுக்கும் காற்றுக்கும் இடையே தடையாக நிற்காமலிருப்பது. தளர்வாக இருக்க வேண்டும். காற்று நுழைந்து வெளியேற வேண்டும். கனம் குறைந்திருக்க வேண்டும்.

துணி எதுவாக இருக்கலாம்? பருத்தி இழை நீரைத் தன்னுள்ளே உறிஞ்சிக்கொள்ளும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் எட்டு சதவீத அளவுக்கு அது ஈரம் வைத்திருக்கும். பாலியெஸ்டர் இழை அரை சதவீதம்கூட வைத்திருப்பதில்லை. எனவே நன்கு நனைந்த பருத்திச் சட்டை கனத்து உடலோடு ஒட்டிக்கொள்கிறது. விளையாட்டுக்கென்று பின்னப்பட்ட பாலியெஸ்டர் துணியில் வியர்வை இழைகளின் இடுக்குகள் வழியே நுண்புழை ஏற்றத்தால் பரவி, அகன்ற பரப்பிலிருந்து ஆவியாகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான். ஆயினும் அரை மணி நேரம் ஆடும் மாணவனுக்குத் தளர்ந்த மெல்லிய பருத்தி பனியனே போதும். நீண்ட நேரம் ஆடுபவர்கள் மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளைக்கு நியாயமே இல்லையா?

இருக்கிறது, மறுக்கவில்லை. நண்பகலில் மேகமற்ற வானிலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் ஒளியும் வெப்பமும் வந்து விழுகின்றன. சூரியனை நோக்கியிருக்கும் சட்டைப் பரப்பு கால் சதுர மீட்டர் என்றால் 250 வாட். வெள்ளைத் துணி அதில் பத்தில் மூன்று பங்கையும், கறுப்புத் துணி பத்தில் ஒன்பது பங்கையும் ஏற்பதாகக் கொண்டால், முறையே 75 வாட், 225 வாட். வேறுபாடு 150 வாட். இது சிறிய எண் அன்று.

ஆனால் துணி ஏற்ற வெப்பம் அனைத்தும் தோலைச் சேருமா? இதைப் பாலைவனத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சுட்டெரிக்கும் வெயிலில் பெதுயின் மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்ற ஆய்வு ஒன்று 1980ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. கறுப்பு அங்கி வெயிலைக் கூடுதலாக ஏற்றது உண்மை. ஆனால் அந்த மிகை வெப்பம் தோலை அடையும் முன்பே காற்றால் வெளியேறிவிட்டது. அணிந்தவரின் உடல் பெற்ற வெப்பம் கறுப்பு அங்கியிலும் வெள்ளை அங்கியிலும் ஒன்றாகவே இருந்தது. அங்கி தளர்வானது என்பதே இதன் இரகசியம். டென்னிஸ் சட்டை அவ்வளவு தளர்வானது அன்று. ஆகவே இம்முடிவை அப்படியே சட்டைக்குப் பொருத்த முடியாது. ஆயினும், நிறம் தனியாக நின்று எதையும் தீர்மானிப்பதில்லை, தளர்ச்சியும் காற்றோட்டமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்ற பாடம் நமக்குக் கிடைக்கிறது.

இன்னொன்றையும் நினையுங்கள். நம் மாணவர்கள் பயிற்சி செய்வது பெரும்பாலும் காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும். சூரியன் தாழ்ந்திருக்கும் அந்த நேரத்தில் நிறத்தின் பங்கு இன்னும் குறைவு. வெயிலில் ஆடினாலும் வெளிர் நீலமோ வெளிர் மஞ்சளோ வெள்ளைக்கு அதிகம் பின்தங்குவதில்லை. 'வெளிர் நிறம் நல்லது' என்றால் அது அறிவியல். 'வெள்ளை இல்லையேல் உள்ளே வராதே' என்றால் அது வெறும் வழக்கம்.

ஒவ்வொரு மாற்றமும் உடல் கேட்டது

டென்னிஸ் உடையின் வரலாற்றைப் பார்த்தால், நல்ல மாற்றங்கள் எல்லாம் ஆடியவரின் உடல் கேட்டவையே என்பது விளங்கும். 1919இல் விம்பிள்டனுக்கு வந்த பிரெஞ்சுப் பெண் சூசான் லெங்லென், இடுப்பை இறுக்கும் உள்ளங்கியை விலக்கி, கெண்டைக்கால் வரையிலான பாவாடையும் குட்டைக் கைச்சட்டையும் அணிந்து ஆடினார். பார்த்தவர்கள் திகைத்தார்கள். அவரோ ஏழு முறை வாகை சூடிய டோரதியா லாம்பர்ட் சேம்பர்ஸை வென்றார். 1926இல் ரெனே லக்கோஸ்த், விறைப்பான முழுக்கைச் சட்டைக்கு மாற்றாக, சிறு துளைகள் கொண்ட பருத்திப் பின்னல் துணியில் அரைக்கைச் சட்டை அணிந்து அமெரிக்கப் போட்டியில் ஆடினார். இன்று ஊரெங்கும் அணியும் காலர் வைத்த டி-சட்டையின் முன்னோடி அதுவே. 1932இல் இங்கிலாந்தின் பன்னி ஆஸ்டின், வியர்வையில் நனைந்து கனக்கும் கம்பளிக் கால்சட்டையைக் கைவிட்டு அரைக்கால் சட்டையோடு அமெரிக்கப் போட்டியில் இறங்கினார்.

பந்தின் நிறமே மாறியது. தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிவதற்காகச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 1972இல் மஞ்சள் பந்தை ஏற்றது. விம்பிள்டன் 1986 வரை வெள்ளைப் பந்தை விடவில்லை, பிறகு விட்டது. பெண்கள் டென்னிஸ் சங்கம் 2019ஆம் ஆண்டுப் போட்டிகளிலிருந்து, பாவாடை இல்லாமலே காலை ஒட்டிய முழுநீளக் கால்சட்டை அணிந்து ஆடலாம் என்று விதியில் தெளிவாக்கியது. 2023 முதல், மாதவிடாய் நாள்களில் பெண்கள் படும் மனக்கலக்கத்தை உணர்ந்து, அடர் நிற உள் அரைக்கால் சட்டைக்கு விம்பிள்டனும் இடமளித்தது. வெள்ளைக்கு ஊற்றான இடமே அசைந்து கொடுத்திருக்கும்போது, நம் ஊர் மைதானங்கள் மட்டும் ஏன் அதைவிட இறுக்கமாக இருக்க வேண்டும்?

காலணி: இங்கே விட்டுக்கொடுக்க முடியாது

உடையில் இவ்வளவு தாராளம் பேசும் நான் காலணியில் மிகவும் கண்டிப்பானவன். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

50 கிலோகிராம் எடையுள்ள மாணவி ஒருத்தி நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடி, ஒரு மீட்டர் தொலைவுக்குள் நிற்க வேண்டும். வேகத்தின் இருமடியைத் தொலைவின் இருமடங்கால் வகுத்தால், எதிர்முடுக்கம் 8 மீ/நொடி². தேவைப்படும் விசை 400 நியூட்டன். அவளுடைய எடை 490 நியூட்டன். எனவே காலணிக்கும் தரைக்கும் இடையே உராய்வுக் கெழு குறைந்தது 0.8 இருக்க வேண்டும். அது 0.5 ஆக இருந்தால், கால் வழுக்கி ஒரு மீட்டருக்குப் பதிலாக 1.6 மீட்டர் தாண்டித்தான் அவள் நிற்பாள், அல்லது விழுவாள்.

அப்படியானால் உராய்வு கூடக் கூட நல்லதா? அதுவும் இல்லை. காலணி தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் சட்டென்று நின்றுவிட்டால், உந்தத்தோடு வரும் உடல் முழங்காலையும் கணுக்காலையும் முறுக்குகிறது. இங்கேதான் பையனின் ஷூ காரணமாகிறது. 400 நியூட்டன் விசை பக்கவாட்டில் அடிப்பாகத்தில் செயல்படும்போது, பாதம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதைக் கவிழ்க்கும் திருப்புத்திறனும் கூடும். உயரம் ஒரு சென்டிமீட்டர் கூடினால் திருப்புத்திறன் 4 நியூட்டன் மீட்டர் கூடுகிறது. நீண்ட ஓட்டத்துக்கான ஷூ முன்னோக்கிய அசைவுக்காகவே செய்யப்பட்டது. குதி உயர்ந்திருக்கும்; பக்கச் சுவர் மென்மையாக இருக்கும். டென்னிஸிலோ பக்கவாட்டு ஓட்டமும் நிறுத்தமும் மிகுதி. ஆகவே தாழ்ந்த, அகன்ற அடிப்பாகமும் உறுதியான பக்கச் சுவரும் தேவை. பள்ளிக்கு அணியும் கறுப்புத் தோல் ஷூ இதற்கு ஆகவே ஆகாது.

தரைக்குத் தரை அடிப்பாகமும் மாறும். விம்பிள்டனின் புல்தரைக்குச் சிறுசிறு புடைப்புகள் கொண்ட அடி. பாரிசில் சுண்ணாம்புக் கல் தளத்தின் மேல் பொடித்த செங்கல் மெல்லிய படலமாகப் பரப்பப்பட்டிருக்கும். அங்கே ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே சறுக்கிக்கொண்டு பந்தை அடைவார்கள். அதற்கு மீன்முள் போன்ற வரிகள் கொண்ட அடி. பொடி அதில் அடைந்து நிற்காமல் வெளியேறும். நியூயார்க், மெல்போர்ன் போன்ற இடங்களின் கடினத் தரை உப்புத்தாள்போல் ரப்பரைத் தேய்க்கும். அங்கே தடித்த, உறுதியான ரப்பர் வேண்டும். புல்தரையின் ஈரம் எத்தகைய வீரரையும் விடுவதில்லை. 2021இல் செரீனா வில்லியம்ஸ் விம்பிள்டன் முதல் சுற்றிலேயே வழுக்கிக் காலில் காயமுற்று, கண்ணீரோடு வெளியேறியதை உலகமே பார்த்தது.

காலுறையையும் மறந்துவிடாதீர்கள். ஈரமான தோலில் உராய்வு கூடுவதால்தான் கொப்புளம் எழுகிறது. உலர்ந்த, மடிப்பு விழாத, சற்றுத் தடித்த காலுறை அணியுங்கள்.

ஒரு மறுப்பும் என் பதிலும்

"எல்லோரும் வெள்ளை அணிந்தால் ஏழை பணக்காரன் வேறுபாடு தெரியாதே?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல எண்ணந்தான். நானும் பள்ளி நாள்களில் புதன்கிழமை தோறும் வெள்ளைச் சட்டையும் கான்வாஸ் ஷூவும் அணிந்து வரிசையில் நின்றவன். செம்மண்ணில் உருண்ட சட்டையை வெளுக்க அம்மா செவ்வாய் இரவெல்லாம் சொட்டு நீலத்தோடு போராடியதும் நினைவிருக்கிறது. பளிச்சென்ற வெள்ளைக்கும் மங்கிய வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் வகுப்பில் எல்லோரும் கண்டுபிடித்தோம். வேறுபாட்டை வெள்ளை மறைக்கவில்லை. அதைக் காட்டத்தான் செய்தது. சமத்துவம் வேண்டுமானால் ஒரே நிறம் கேட்பதைவிட, மைதானத்தில் பத்து ஜோடி நல்ல காலணிகளை இரவலுக்கு வைத்திருப்பது மேல்.

எனவே பயிற்சி தரும் பள்ளிகளுக்கும் மைதானங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உடை தளர்வாக, தூய்மையாக, ஓட்டத்துக்குத் தடையின்றி இருந்தால் அனுமதியுங்கள். முழுக்கால் சட்டை அணிந்து வரும் பெண்ணைத் திருப்பி அனுப்பாதீர்கள். காலணியின் அடியை மட்டும் கட்டாயம் திருப்பிப் பாருங்கள். பெற்றோர்களே, கையில் உள்ள பணத்தை முதலில் காலணிக்குச் செலவிடுங்கள். வெள்ளைச் சட்டை காத்திருக்கலாம்.

மாணவர்களே, என் சொல்லை நம்ப வேண்டாம்; சோதித்துப் பாருங்கள். உங்கள் ஷூவுக்குள் மணல் பையை வைத்து மொத்த எடை 2 கிலோகிராம் ஆக்குங்கள். சுருள்வில் தராசைக் கட்டி, ஆடும் தரையின் மேல் கிடைமட்டமாக மெல்ல இழுங்கள். ஷூ நகரத் தொடங்கும்போது தராசு 1.6 கிலோகிராம் காட்டினால் உராய்வுக் கெழு 0.8. உலர்ந்த இடத்தில் ஒரு முறை, தூசி படிந்த இடத்தில் ஒரு முறை, நீர் தெளித்த இடத்தில் ஒரு முறை அளந்து எழுதுங்கள். ரப்பரின் உராய்வுக் கெழு சுமைக்கேற்பச் சற்று மாறும். ஆகவே எல்லா ஷூக்களையும் ஒரே எடையோடு ஒப்பிடுங்கள். பிறகு அவற்றில் ஒன்றுக்கு வெள்ளைச் சாயம் பூசி மறுபடி இழுத்துப் பாருங்கள். அடிப்பாகத்தில் பூசாதவரை எண் மாறாது!

அந்த அட்டவணையை உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் பணிவோடு காட்டுங்கள். எங்கள் தெருப் பெண்ணும் அதைத்தான் செய்யப் போகிறாள். தராசை எங்கள் கல்லூரி ஆய்வகத்திலிருந்து நான் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.